கயிற்றை இழுத்தால் ஓடும் நாடா

கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலை உச்சியில் ஏற்றப்படும் மகாதீபத்தின் திரி காடாத்துணியால் ஆனது என்பதை அங்கத்தினர் யாவரும் அறிவர். ஆயிரம் மீட்டர் காடாவை நெய்ய நாடா எத்தனை தடவை ஓட வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தவர் சிலரே இருப்பர். அங்குலத்திற்கு 40 ஊடை என்று கொண்டால், அது 15 லட்சத்து 74 ஆயிரம் தடவைக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடித்தே நம் முன்னோர் நெய்து வந்தனர். இன்றோ பெரும்பாலான கைத்தறிகளில் கயிற்றின் பிடியை ஒருமுறை சுண்டினால் போதும்; நாடா தானே ஓடி மறுபக்கப் பெட்டியில் அடங்குகிறது.

குழித்தறியைப் போலவே இக்கயிறும் பெட்டியும் தொன்றுதொட்டு நம்மிடம் இருந்தவை என்றே பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. இவை நம் மாகாணத்துத் தறிகளில் ஏறி நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலமே ஆகிறது. இவற்றின் பிறப்பிடம் இங்கிலாந்தில் அன்று லங்காஷயரைச் சேர்ந்திருந்த பரி என்னும் ஊர்ப்புறம்.

அவ்வூரைச் சேர்ந்த ஜான் கே என்பவர் தறிக்கு அச்சு செய்யும் தொழிலை அறிந்தவர். அக்காலத்தில் துணியின் அகலம் நெசவாளியின் கைநீளத்திற்குக் கட்டுப்பட்டிருந்தது. அகலமான கம்பளித் துணி நெய்ய இருவர் அமர்ந்து, நாடாவை மாறிமாறி எறிய வேண்டும். கே என்ன செய்தார் எனில், நாடாவுக்குச் சிறு உருளைகள் பொருத்தினார். அது ஓடுவதற்கு அச்சின் முன்னே ஒரு பலகை அமைத்தார். இரு முனையிலும் பெட்டி வைத்து, ஒவ்வொன்றிலும் நாடாவைத் தள்ளும் கட்டையை இட்டு, இரண்டையும் ஒரே கயிற்றால் இணைத்தார். 1733இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இருவர் வேலையை ஒருவர் செய்யலாயிற்று. வேகமும் மிகுந்தது. அவர் மகன் ராபர்ட் 1760இல், பல நிற நாடாக்களை மாற்றிமாற்றி ஓட்டுவதற்கு ஏறி இறங்கும் பெட்டியைச் சேர்த்தார். கட்டம் போட்ட லுங்கி நெய்வோர்க்கு அதன் அருமை தெரியும்.

இனி வருவது சங்க அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி. கருவியை ஏற்றுக்கொண்டவர்கள் கேயுக்கு உரிய கட்டணத்தைச் செலுத்த மறுத்தனர். அவர் வழக்குத் தொடுத்தார். அவர்கள் "நாடாக் கழகங்கள்" என்ற பெயரில் ஒன்றுகூடி, பணம் சேர்த்து, எவர்மீது வழக்கு வந்தாலும் பொதுநிதியிலிருந்து செலவு செய்தனர். வழக்காடியே கேயின் கைப்பொருள் கரைந்தது. 1747இல் அவர் பிரான்சு தேசம் சென்றார். பிற்பாடு அங்கேயே மறைந்தார். கூட்டுநிதி என்பது எப்பொழுதும் நல்ல காரியத்துக்கே பயன்படும் என்று நினைப்பவர்கள் இதனையும் தெரிந்துகொள்ளுதல் நலம்.

தறி வேகமாக ஓடவே நூல் போதவில்லை. நூற்போர் கைராட்டினத்தால் ஈடுகொடுக்க முடியாத நிலையில் ஹார்கிரீவ்ஸ், ஆர்க்ரைட், கிராம்ப்டன் என்போர் 1760களிலிருந்து 1779க்குள் அடுத்தடுத்து நூற்பு இயந்திரங்களை அமைத்தனர். அவ்வியந்திர நூல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தது. பருத்தி விளைந்த கிராமங்களில் வீட்டுப் பெண்டிர் நூற்று ஈட்டிய சிறு வருவாய் அதனால் அழிந்தது. நெசவாளிக்கோ மலிவான நூல் கிடைத்தது. ஆயினும் அதே இயந்திர நூலில் நெய்த சீமைத்துணி அவன் துணியோடு சந்தையில் போட்டியிட்டது.

நம் பக்கத்தில் பாசல் மிஷனார் 1851இல் மங்களூரில் ஐரோப்பிய முறைத் தறிகளை நிறுவினர். சென்னை மாகாணத்தில் கயிற்று நாடாவைப் பரப்ப இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முயன்றவர் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் பொறியியல் பேராசிரியர். சேலத்தில் அரசாங்கச் செலவில் ஒரு நெசவுச்சாலையும் நடந்தது. நெசவாளர் அங்கு வர விரும்பவில்லை. வீட்டில் மனைவி மக்கள் தார் சுற்றித் தர, தன் நேரத்தில் நெய்பவன் மணியடித்தால் எழும் வாழ்வை ஏன் ஏற்பான்? அரசாங்கம் தானே தொழில் நடத்தலாகாது என்று 1910இல் இந்தியா மந்திரி மார்லி பிரபு தெரிவித்தபின் அச்சாலை மூடப்பட்டது. நெசவுச்சாலை நில்லாது போயினும், நாடா வீடுதோறும் சென்றது. 1930களின் முடிவுக்குள் மாகாணத்துத் தறிகளுள் மிகப் பெரும்பாலானவை கயிற்று நாடாவுக்கு மாறியிருந்தன.

மாறாதவையும் உண்டு. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் கரைக்கும் உடலுக்கும் ஊடை வெவ்வேறு நிறம். மூன்று நாடாக்கள் பாவின் நடுவே சந்தித்துக் கோத்துக்கொள்ள வேண்டும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடிவிடும் நாடாவால் அது இயலாது. அதனால் அங்கு கைநாடாவும் பக்கத்தில் ஒரு துணையாளும் இன்றும் வேண்டியிருக்கின்றனர்.

கருவி பெருக்கிய துணி யாருக்குப் பயன்பட்டது? கூடுதலாக நெய்ய வேண்டுமெனில் கூடுதலாக நூல் வேண்டும். நூலைக் கடனுக்குக் கொடுத்தவரே துணியின் விலையையும் தீர்மானித்தால், வேகத்தின் ஊதியம் அவரிடமே சேரும். இங்கிலாந்திலும் இதே துன்பம் இருந்தது. பரியிலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள ராக்டேல் நகரில், 1844 டிசம்பர் 21ஆம் நாள், நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் இட்டு ஒரு கடை திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவத்தி ஆகியவையே முதற் சரக்கு. வாங்கியவனுக்கு வாங்கிய அளவுக்கு ஏற்ப லாபம். அங்கத்தினர் ஒருவருக்கு ஒரு வாக்கு. நாடாக் கழகங்கள் இருந்த அதே வட்டாரத்தில்தான் இவ்வழக்கமும் வேரூன்றியது.

இந்தியாவில் 1904இல் வந்த சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடமளித்தது. அவ்வாண்டிலேயே திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூரில் விவசாயிகளின் சங்கம் எழுந்தது. நூல் வாங்கவும் துணி விற்கவும் சங்கம் அமைக்க 1912ஆம் ஆண்டுச் சட்டமே வழிசெய்தது. நெசவாளர் சங்கங்களுக்கு நூல் பெற்றுத்தரவும், அவை நெய்த துணியை விற்கவும் சென்னையில் 1935இல் ஒரு மாகாண நெசவாளர் சங்கம் ஏற்பட்டது. கோ-ஆப்டெக்ஸ் என்று நாம் இன்று அழைப்பது அதைத்தான்.