குடலிறக்கம்: சிறு துளையா, திறந்த வெட்டா?

மூடை தூக்கும்போது தொடையிடுக்கில் ஒரு வீக்கம் புடைக்கும். படுத்தால் உள்ளே போய்விடும். இதுவே குடலிறக்கம். வயிற்றுச் சுவரின் பலவீனமான இடத்தினூடாகக் குடலோ கொழுப்போ வெளியே தள்ளுவதால் இது உண்டாகிறது. எண்ணெயோ குளிசையோ இந்த வழியை அடைக்காது. சத்திரசிகிச்சையே அடைக்கும்.

இரண்டு முறைகள்

வளர்ந்தவர்களுக்கு இன்று பெரும்பாலும் மெல்லிய செயற்கை வலை வைத்து அவ்விடத்தைப் பலப்படுத்துகிறார்கள். திறந்த முறையில் ஒரே வெட்டு. வலை முன்புறமாக வைக்கப்படும். அவ்விடத்தை மட்டும் விறைக்கச் செய்தும் இதைச் செய்யலாம். சாவித்துவார முறையில் மூன்று சிறு துளைகள். கமெராவின் உதவியுடன் வலை தசைக்குப் பின்புறம் வைக்கப்படும். இதற்குப் பெரும்பாலும் முழு மயக்கம் தேவை.

பலன் என்ன?

சாவித்துவார முறையில் நோ குறைவு. வேலைக்கு விரைவில் திரும்பலாம். நாட்பட்ட நோவும் விறைப்பும் குறைவு. ஆயினும் அரிதாகக் குடலோ சலப்பையோ காயப்படலாம்.

இறக்கம் திரும்பவும் வருமா? அமெரிக்காவில் முன்னாள் படைவீரருக்கான 14 வைத்தியசாலைகளில் நடந்த ஆய்வு 2004 இல் வெளியானது. முதன்முறை சத்திரசிகிச்சை பெற்றோரில், இரண்டு ஆண்டுகளுக்குள் சாவித்துவார முறையில் 100 பேரில் சுமார் 10 பேருக்கும், திறந்த முறையில் சுமார் 4 பேருக்கும் இறக்கம் திரும்பியது. 250 இற்கு மேற்பட்ட சாவித்துவார சத்திரசிகிச்சைகள் செய்த வைத்தியர்களிடம் அந்த 10 ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆகவே துளையின் அளவைவிட வைத்தியரின் பழக்கமே முக்கியம். அருகிலுள்ள வைத்தியசாலையில் திறந்த முறை மட்டுமே இருந்தால், அதுவும் நல்ல சிகிச்சையே.

நாம் செய்ய வேண்டியவை

1. வீக்கம் உள்ளே போகாமல் இறுகி, நோவும் வாந்தியும் வந்தால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். குடல் நெரிபட்டு அழுகினால் உயிருக்கு ஆபத்து.

2. நோ இல்லாத ஆண்கள் வைத்தியரின் ஆலோசனையுடன் காத்திருக்கலாம். பெண்கள் தாமதிக்கக் கூடாது. அவர்களுக்குக் குடல் நெரிபடும் ஆபத்து கூட.

3. வைத்தியசாலை தரும் அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். இடம்பெயரும்போது அடையாள அட்டையுடன் அதையும் எடுத்துச் செல்லுங்கள். வலை முன்புறமா பின்புறமா என்பது அதில் இல்லாவிட்டால் எழுதித் தரும்படி கேளுங்கள். இறக்கம் திரும்பினால், முன்பு தொடாத பக்கத்தால் அணுகுவதே பொதுவாக நல்லது.

4. நடப்பதை அன்றே தொடங்கலாம். மண்வெட்டி பிடிப்பதையும் தண்ணீர்க் குடம் சுமப்பதையும் எப்போது தொடங்கலாம் என்பதை வைத்தியரிடம் கேட்டு, நோவைப் பார்த்துப் படிப்படியாகத் தொடங்குங்கள்.

கலந்துரையாடுக: நமது குடியிருப்பில் இந்த வீக்கத்தை வெட்கத்தால் மறைத்து வைத்திருப்போருக்கு இச்செய்தியை எவ்வாறு கொண்டு செல்லலாம்?