மின்சாரம் குடிக்காத அளவீடு: ஏடிஎஸ்1115 சிப்புக்கு முழுமையான வழிகாட்டி

12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஒரு கருவி எவ்வளவு கரண்ட் எடுக்கிறது என்று மாதக்கணக்கில் பதிவு செய்ய வேண்டும். பதிவுக் கருவியே பேட்டரியைத் தீர்த்துவிடவும் கூடாது. வோல்டேஜை எண்ணாக மாற்றும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் 16 பிட் சிப் ஏடிஎஸ்1115 இதற்குப் போதும். 24 பிட் சிப்பைத் தேடி ஓட வேண்டாம்.

படி 1: எதை அளக்கிறோம்?

பேட்டரியின் நெகட்டிவ் வயரில் 0.1 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வையுங்கள். இதுதான் ஷன்ட். 1 ஆம்பியர் ஓடினால் இதன் இரு முனைகளுக்கிடையே 100 மில்லிவோல்ட் கிடைக்கும்.

படி 2: இரண்டு வயர் ஏன்?

ஒரு முனையை மட்டும் கிரவுண்டை வைத்து அளந்தால் என்ன? அரை மீட்டர் மெல்லிய வயருக்கே 10 மில்லிஓம் வந்துவிடும். 1 ஆம்பியரில் அது 10 மில்லிவோல்ட். அதாவது பத்து சதவீதப் பிழை. டிஃபரன்ஷியல் முறையில் சிப் இரு உள்ளீடுகளின் வித்தியாசத்தை மட்டும் பார்க்கும். அதனால் இரண்டு மெல்லிய வயர்களை ஷன்ட்டின் கால்களிலேயே பற்றவையுங்கள். தள்ளி எங்கேயாவது வைத்தால் பயனில்லை. சுமைப் பக்கம் சிப்பின் ஏ0 உள்ளீடு, பேட்டரிப் பக்கம் ஏ1. சிப்பின் கிரவுண்டும் பேட்டரி நெகட்டிவ்வில்தான்.

புதியவர்கள் சிப்பை எரிப்பது இங்கேதான். வித்தியாசம் 0.1 வோல்ட்தானே என்று ஷன்ட்டை 12 வோல்ட் வயரில் போட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு பின்னும் தனித்தனியாகக் கிரவுண்டுக்கும் சிப்பின் சப்ளைக்கும் இடையிலேயே இருந்தாக வேண்டும்.

படி 3: ரேஞ்ச்

அர்டுயினோவில் பலரும் பயன்படுத்தும் அடாஃப்ரூட் லைப்ரரி, நீங்கள் மாற்றாதவரை ±6.144 வோல்ட் ரேஞ்சில் இருக்கும். அதில் ஒரு படி 187.5 மைக்ரோவோல்ட், நம் 100 மில்லிவோல்ட்டுக்கு 533 எண்தான் வரும். ±0.256 வோல்ட்டுக்கு மாற்றினால் ஒரு படி 7.8125 மைக்ரோவோல்ட், அதே கரண்டுக்கு 12,800. சுமார் 2.5 ஆம்பியர் வரை தாங்கும்.

படி 4: தூங்க வையுங்கள்

தொடர் ஓட்டத்தில் சிப் எடுப்பது சுமார் 150 மைக்ரோஆம்பியர். ஒற்றை அளவீட்டு முறையில் ஒருமுறை அளந்ததும் தானே உறங்கிவிடும். அப்போது சுமார் அரை மைக்ரோஆம்பியர்தான். நொடிக்கு 128 மாதிரி வேகத்தில் ஓர் அளவீட்டுக்கு 8 மில்லிநொடி ஆகும். நொடிக்கு ஒருமுறை அளந்தால் சராசரி 2 மைக்ரோஆம்பியரைத் தாண்டாது. ஆனால் போர்டில் ஒரு பவர் எல்இடி எரிந்தால் கணக்கெல்லாம் வீண், அதைக் கழற்றிவிடுங்கள். அர்டுயினோ யூனோவும் வேண்டாம், சும்மா இருந்தாலே பல பத்து மில்லிஆம்பியர் தின்னும்.

படி 5: எண்ணைக் கரண்டாக்குதல்

வந்த எண்ணை 0.078125-ஆல் பெருக்கினால் விடை மில்லிஆம்பியரில். எண்ணைக் குறியுள்ள 16 பிட் மாறியில் வாங்குங்கள். கரண்ட் இல்லாதபோது -1, -2 என்று வருவது சகஜம். குறியற்ற மாறியில் -1 என்பது 65535 ஆகி, 5 ஆம்பியர் ஓடுவதாகக் காட்டும். பிறகு மல்டிமீட்டரைத் தொடராக வைத்து ஒப்பிட்டு, ரெசிஸ்டரின் பிழையைப் பெருக்கெண்ணிலேயே சரிசெய்யுங்கள்.

பேட்டரி சார்ஜ் ஆவதையும் சேர்த்து அளக்க வேண்டுமென்றால் இந்தச் சுற்று உதவாது: கரண்ட் திரும்பும்போது ஏ0 கிரவுண்டுக்குக் கீழே போய்விடும். அதற்கு 26 வோல்ட் வரை பாசிட்டிவ் வயரிலேயே அளக்கும் ஐஎன்ஏ219-ஐ வாங்குங்கள்.