டிஸ்க்கைப் பூட்டும் முன்: லினக்ஸ் நிறுவப்போகும் பிள்ளைகளுக்கு

தம்பி தங்கைகளே, லேப்டாப் களவு போனாலும் உள்ளே இருப்பது பிறர் கையில் சிக்கக் கூடாது என்று, டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து லினக்ஸ் நிறுவ நினைக்கிறீர்கள். நல்ல முடிவு, கைவிடாதீர்கள். ஆனால் சாதாரண டிஸ்க்கில் பார்ட்டிஷன் தவறினால் மீட்பு மென்பொருள் ஓரளவு கைகொடுக்கும். குறியாக்கம் செய்த டிஸ்க்கில் அந்த வழி அநேகமாக அடைபட்டுவிடும். யோசிக்க வேண்டியதை நிறுவும் முன்பே யோசித்துவிடுங்கள்.

1. முதல் வேலை பேக்கப். வெளி டிஸ்க்கில் எடுத்த கோப்புகளில் நாலைந்தைத் திறந்தும் பாருங்கள். விண்டோஸும் உடன் இருக்கும் என்றால், அதன் குறியாக்க வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். பூட் அமைப்பு மாறினால் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும்.

2. டிஸ்க்கின் பெயரை நம்பாதீர்கள், அளவைப் பாருங்கள். 'எஸ்டிஏ' என்றால் உள் டிஸ்க் என்பது பழைய பழக்கம். என்விஎம்இ டிஸ்க் உள்ள லேப்டாப்பில் அந்தப் பெயர் நீங்கள் செருகிய பென் டிரைவுக்குப் போய்விடும். டெர்மினலில் 'எல்எஸ்பிஎல்கே' கட்டளை கொடுங்கள். 512 ஜிபி என்று வாங்கிய டிஸ்க் அங்கே 476.9 என்று தெரியும்.

3. டிஸ்க் முழுவதும் லினக்ஸுக்குத்தான் என்றால், நிறுவியின் தானியங்கி வழியே போதும். டெபியன் நிறுவி குறியாக்கத்துக்கு முன் டிஸ்க் முழுதும் தற்போக்குத் தரவை எழுதும். பெரிய டிஸ்க்கில் அது மணிக்கணக்கில் ஓடும். நின்றுவிட்டது என்று பவர் பட்டனை அழுத்தாதீர்கள்.

4. கையால் பிரிப்பவர்களுக்கு மூன்று பார்ட்டிஷன் வேண்டும்: இஎஃப்ஐ, பூட், மீதி முழுவதும் லக்ஸ் என்னும் குறியாக்கப் பகுதி. முதல் இரண்டும் குறியாக்கம் இல்லாமல் இருக்கட்டும். விண்டோஸ் ஏற்கெனவே வைத்திருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனையே பயன்படுத்துங்கள். அதை ஃபார்மட் செய்தால் விண்டோஸ் பூட் ஆகாது. பூட் பார்ட்டிஷனுக்கு 1 ஜிபி கொடுங்கள். 200 எம்பி கொடுத்தால் நாலு கெர்னல் அப்டேட்டில் நிரம்பிவிடும். பின்னாலேயே லக்ஸ் ஒட்டி நிற்பதால் பெரிதாக்குவது பெரும்பாடு.

5. லக்ஸுக்குள், இடத்தைப் பல பகுதிகளாகப் பிரித்துத் தரும் எல்விஎம் போட்டு, ரூட், ஹோம், ஸ்வாப் மூன்றையும் அதில் வையுங்கள். ஒரே கடவுச்சொல்லில் எல்லாம் திறக்கும். ஸ்வாப்பை வெளியே விட்டால் ரேமில் இருந்த இரகசியங்கள் டிஸ்க்கில் அப்பட்டமாகப் பதிந்து கிடக்கும். ஹைபர்னேட் வேண்டுமென்றால் ஸ்வாப் ரேம் அளவுக்குக் குறையக் கூடாது.

6. பூட் ஆகும்போது கீபோர்டு அமைப்பு மாறியிருக்கலாம். நிறுவும்போது ஒரு அமைப்பில் அடித்த குறியீடுகள் அப்போது வேறாக விழும். சரியான கடவுச்சொல்லையும் தவறு என்று சொல்லும். அதனால் சிறப்புக் குறியீடுகளை நம்பாமல், ஆங்கிலச் சிற்றெழுத்தில் தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள்.

7. லக்ஸ்2-இன் தலைப்பகுதி வழக்கமாக 16 எம்பிதான். அது சிதைந்தால் கடவுச்சொல் தெரிந்தும் பயனில்லை. 'கிரிப்ட்செட்டப்' கருவியின் 'லக்ஸ்ஹெடர்பேக்கப்' கட்டளையால் அதை நகலெடுத்து வெளியே வையுங்கள். பின்னாளில் கடவுச்சொல்லை மாற்றினால் பழைய நகலை அழித்துப் புதிதாக எடுங்கள். பழைய நகல் பழைய கடவுச்சொல்லுக்கு இன்னும் திறக்கும்.

8. நிறுவி முடித்ததும் கோப்புகளை ஏற்றாதீர்கள். இரண்டு முறை அணைத்துப் போட்டு, கடவுச்சொல் கொடுத்துத் திறந்து பாருங்கள். கோளாறு இருந்தால் காலி டிஸ்க்கில் மறுபடி தொடங்குவது எளிது.