ஆடுகளம் கற்பித்த பாடம்: ஸர் டக்ளஸ் நிக்கல்ஸின் வாழ்க்கை

விளையாட்டு மக்களைச் சமமாக்கும் என்பது நம் கல்லூரி மேடைகளில் ஆண்டுதோறும் கேட்கப்படும் வாக்கு. பரிசளிப்பு விழாவில் இதனைக் கேட்டுக் கைதட்டாதார் இலர். அவ்வாக்கு முற்றும் உண்மைதானா, அன்றி அதற்கு நிபந்தனை ஏதேனும் உண்டா என்பதை ஒருவருடைய வாழ்க்கையைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆஸ்திரேலிய நாட்டின் ஆதிக்குடியிற் பிறந்து, அந்நாட்டுக் காற்பந்தாட்டத்தாற் புகழெய்தி, போதகராகி, பின்னர் ஒரு மாகாணத்தின் கவர்னராகவும் உயர்ந்த ஸர் டக்ளஸ் நிக்கல்ஸ் என்பாரே நாம் எடுத்துக்கொண்ட பெரியார்.

முதற்கண் அவ்வாட்டத்தைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். அது நாம் மாலைதோறும் ஆடும் காற்பந்தாட்டம் அன்று. அதன் விதிகள் 1859-ஆம் ஆண்டில் மெல்போர்ன் நகரில் முதன்முதலாக எழுதப்பெற்றன. களம் நீள்வட்ட வடிவினது. பந்தும் ஏறக்குறைய அவ்வடிவினதே. பக்கத்திற்குப் பதினெண்மர் ஆடுவர். பந்தைக் கையாற் பற்றி ஓடலாம். ஆயின், ஓடுங்கால் இடையிடையே அதனைத் தரையில் மோதி எழச்செய்தல் வேண்டும். களத்தின் இரு கோடியிலும் நந்நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவிலுள்ள இரு கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்துச் செலுத்தினால் ஆறு புள்ளி. அவற்றின் அயலே சென்றால் ஒரு புள்ளி.

இனி அவர்தம் வரலாற்றைக் காண்போம். நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில், மர்ரே ஆற்றங்கரையிலுள்ள கம்மரகஞ்சா என்னும் குடியிருப்பில், 1906 டிசம்பர் 9-ஆம் நாள், யோர்ட்டா யோர்ட்டா மரபில் அவர் பிறந்தார். அவ்வூர்ப் பள்ளியில் அவர் காலத்து ஆசிரியராயிருந்தவர் தாமஸ் ஷாத்ராக் ஜேம்ஸ். மொரீஷியஸ் தீவில் இந்திய வழியினராய்ப் பிறந்த இவர், ஏறத்தாழ நாற்பதாண்டு அம்மக்களின் குழந்தைகளுக்குக் கல்வி புகட்டியவர். தம் இனத்தாரின் உரிமைக்காக எழுதவும் பேசவும் வல்ல தலைவர் பலர் இவர்பாற் பயின்றனர் என்பதறிய நமக்கு உவகை உண்டாகின்றது.

ஆனால் அவ்விளமை இன்பமே நிறைந்ததன்று. நிக்கல்ஸுக்கு எட்டு வயதாயிருந்தபோது போலீசார் வந்து, பதினாறு வயதினளான அவர் தமக்கை ஹில்டாவை அவர் கண்ணெதிரே பிடித்துச் சென்றனர். ஆதிக்குடிப் பெண்களை வீட்டு வேலைக்குப் பழக்கும் விடுதியொன்றில் அவள் சேர்க்கப்பட்டாள். அந்நாளில் அரசினர் சட்டமே அதற்கு இடங்கொடுத்தது. நிக்கல்ஸும் சிறுவயதிலேயே பள்ளியை விட்டு நீங்கி ஆட்டுப் பண்ணைகளிற் கூலிவேலை செய்யலானார்.

அவர் ஐந்தடி இரண்டங்குல உயரமே உடையவர். எனினும் விரைந்தோடுவதில் அவருக்கு நிகராவார் சிலரே. 1927-இல் மெல்போர்னிலுள்ள கார்ல்டன் கழகத்திற் சேர முயன்றார். அங்கு ஆட்டக்காரரின் கைகால்களைத் தேய்த்துவிடும் பணியாளர் இருந்தனர். நிக்கல்ஸ் கறுப்பர் என்பதனால் அவர்கள் அவரைத் தொட மறுத்தனர். தொட மறுத்தல் என்னும் சொல்லின் கொடுமையை அறிய நமக்கு அகராதி வேண்டுவதில்லை. அவர் அக்கழகத்தை விட்டகன்று நார்த்கோட் கழகத்தை அடைந்தார். 1929-இல் அக்கழகம் தன் சங்கத்து வெற்றிக்கோப்பையைப் பெற்றபோது அவரும் அவ்வணியில் ஆடினார். அவ்வாண்டிலேயே வாரக்நபீல், நையா என்னும் ஊர்களில் நிகழ்ந்த பெரிய ஓட்டப்பந்தயங்களிலும் முதற்பரிசு பெற்றார்.

1932-இல் பிட்ஸ்ராய் கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. பழைய அவமானம் நெஞ்சை விட்டு நீங்காமையால், உடைமாற்றும் அறையில் அவர் ஒரு மூலையில் தனித்தே அமர்ந்திருந்தார். அவ்வணியில் ஹெய்டன் பன்டன் என்னும் வெள்ளையர் ஒருவர் இருந்தார். சிறந்த ஆட்டக்காரர்க்கு அளிக்கப்படும் பிரௌன்லோ பதக்கத்தைத் தம் வாழ்நாளில் மும்முறை வென்ற புகழாளர் அவர். அவரே நிக்கல்ஸின் அருகிற் சென்று, அவர் பக்கத்திலேயே உடைமாற்றி, அவரோடு நட்புப் பூண்டார். தனிமை நீங்கிற்று. நிக்கல்ஸ் பிட்ஸ்ராய் அணிக்காக 54 ஆட்டங்கள் ஆடினார். 1935-இல் விக்டோரியா மாகாண அணியிலும் இடம்பெற்றார். ஆதிக்குடியினருள் அப்பெருமை எய்திய முதல்வர் அவரே.

ஈண்டு நாம் ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கார்ல்டனில் ஆடப்பட்டதும் பிட்ஸ்ராயில் ஆடப்பட்டதும் ஒரே ஆட்டம், விதிகளும் அவையே, நிக்கல்ஸின் கால்களும் அவையே. வேறுபட்டது யாது? ஓரிடத்தில் மனிதர் விலகி நின்றனர். மற்றோரிடத்தில் ஒரு மனிதர் தம் இடத்தை விட்டெழுந்து அருகே வந்தமர்ந்தார். ஆட்டத்தின் விதி கோட்டிற்கு உள்ளேதான் செல்லும். கோட்டிற்கு வெளியே சமத்துவத்தை ஆக்குவது விதியன்று, மனிதரின் மனமே என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வுண்மையை நிக்கல்ஸ் நன்குணர்ந்தார் போலும். தமக்குக் கிடைத்த இடத்தோடு அவர் அமைந்துவிடவில்லை. திருமுழுக்குப் பெற்ற அவர், பின்னர் பிட்ஸ்ராய்ப் பகுதியில் வறுமையுற்று வாழ்ந்த தம் இனத்தார்க்குப் போதகரானார். 1938 ஜனவரி 26-இல், வெள்ளையர் குடியேறிய 150-ஆம் ஆண்டை நாடு கொண்டாடிய வேளையில், ஆதிக்குடிகள் சிட்னியிற் கூடி அதனைத் துக்கநாளாக அனுசரித்தனர். அக்கூட்டத்தில் அவரும் பேசினார். 1957-இல் ஆதிக்குடிகள் முன்னேற்றக் கழகத்தை நிறுவுவதில் முன்னின்றார். 1967-இல், ஆதிக்குடிகளைக் குடிக்கணக்கிற் சேர்ப்பது முதலியன பற்றி நடந்த பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தாருள் நூற்றுக்குத் தொண்ணூற்றின்மேல் இசைவு தெரிவித்தனர். அதற்கு உழைத்தாருள் அவரும் ஒருவர்.

1972-இல் அவர் ஸர் பட்டம் பெற்றார். 1976-இல் தென் ஆஸ்திரேலிய மாகாணத்தின் கவர்னரானார். ஆதிக்குடியினர் ஒருவர் இவ்விரு சிறப்புக்களையும் பெற்றது அதுவே முதன்முறை. நோயுற்றமையால் 1977-இல் பதவி துறந்து, 1988 ஜூன் 4-இல் இயற்கை எய்தினார். பிறந்த கம்மரகஞ்சா மண்ணிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. 2016 முதல் ஆஸ்திரேலியக் காற்பந்துச் சங்கம் ஒரு சுற்று ஆட்டங்களை ஆண்டுதோறும் அவர் பெயரால் நடத்தி வருகின்றது.

ஆகவே, விளையாட்டு மக்களைச் சமமாக்கும் என்னும் வாக்கை நாம் பொய்யென்று தள்ளவேண்டுவதில்லை. பாதி உண்மையென்று கொள்ளலாம். மற்றைப் பாதி நம் கையில் உள்ளது. விடுதியின் உணவறையிலும் வகுப்பறையின் கடைசி வரிசையிலும் தனித்து அமர்ந்திருக்கும் மாணவன் ஒருவன் இருக்கக்கூடும். அவனுக்குக் கவர்னர் பதவி அளிக்க நம்மால் இயலாது. அவன் பக்கத்திற் சென்று அமர இயலும்.