கொரோனா ஊசி: நாள் கணக்கு தெரிஞ்சா பாதி பயம் போயிடும்

2021-ல வரிசையில நின்னு ஊசி போட்டுக்கிட்டவங்களுக்கு, 2024 ஏப்ரல்ல வந்த ஒரே ஒரு செய்தியில தூக்கம் போச்சு. 'கோவிஷீல்டால ரத்தம் உறையும்னு கம்பெனியே லண்டன் கோர்ட்ல ஒத்துக்கிச்சாம்!' இப்பவும் யாருக்காவது நெஞ்சு வலின்னா, 'அந்த ஊசிதான்'னு முடிவு கட்டிடறாங்க. தங்கச்சி, உனக்கு ஆபீஸ் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு தெரியும். சுருக்கமாத்தான் சொல்றேன், நின்னு கேட்டுட்டுப் போ.

1. முதல்ல உனக்குப் போட்டது எந்த ஊசின்னு பாரு. சர்டிபிகேட்லயே இருக்கு. கோவிஷீல்டு, கேடு செய்யாத ஒரு சளி வைரஸ் மேல கொரோனாவோட குறிப்பை ஏத்தி அனுப்புற ஊசி. கோவாக்சின், செத்த வைரஸை வெச்சுச் செஞ்சது. ரத்த உறைவுச் செய்தி முதல் வகையைப் பத்தினது. கோவாக்சின் போட்டுக்கிட்ட நீயும் சேர்ந்து அழுதா நான் என்ன பண்றது?

2. நாள் கணக்கு வெச்சுக்கோ. எல்லாத்துக்கும் மேல இதுதான் முக்கியம். ஊசியோட ஒவ்வொரு பக்கவிளைவுக்கும் ஒரு காலம் உண்டு.
 - முதல் அரை மணி: கடுமையான அலர்ஜி வந்தா பெரும்பாலும் இதுக்குள்ளயே வந்துடும்.
 - முதல் 2, 3 நாள்: காய்ச்சல், குளிர், உடம்பு வலி, கை தூக்க முடியாம இருக்கறது. உடம்பு வேலை செய்யுதுன்னு அர்த்தம். இதெல்லாம் வரலைன்னாலும் ஊசி வீணாப் போயிடலை.
 - 4-வது நாள்ல இருந்து ஏறக்குறைய ஒரு மாசம்: கோவிஷீல்டு போட்டவங்கள்ல ரொம்ப ரொம்ப அபூர்வமா, பிளேட்லெட் குறைஞ்சு ரத்தமும் உறையுற கோளாறு. 2021 மே மாசம் மத்திய அரசு சொன்ன கணக்கு, 10 லட்சம் ஊசிக்கு 0.61. பிரிட்டன்ல இதைவிட அதிகமாப் பதிவாச்சு. நம்ம ஊர்ல எதையும் எழுதி வைக்கிற பழக்கம் கம்மிங்கறதையும் சேர்த்துக்கோ. எப்படிப் பார்த்தாலும் அபூர்வம்தான். கோர்ட் செய்திக்கு 3 வருஷம் முன்னாடியே டாக்டர்களுக்குத் தெரிஞ்ச விஷயம் இது.
 - வருஷக்கணக்குல ஆச்சா? அந்த உறைவு இனிமே வந்து கதவைத் தட்டாது. விடு.

3. இனிமே ஊசி போடப் போறவங்களுக்கு. வயசான அப்பாவுக்கு டாக்டர் சொல்லலாம், வெளிநாட்டுல இருக்கற உன் தம்பிக்குப் பூஸ்டர் வரலாம். வெறும் வயித்தோட போகாதே, மயக்கம் வந்தா ஊசி மேல பழி விழும். இறுக்கமான கை வெச்ச ஜாக்கெட் வேண்டாம். தோள்பட்டைச் சதையில போடணும், பாதி கையைச் சுருட்டிக்கிட்டு நின்னா நர்ஸம்மா எங்கே குத்துவாங்க? ரத்தம் நீர்க்க மாத்திரை சாப்பிடறவங்க முன்கூட்டியே சொல்லிடணும், போட்ட இடத்தைத் தேய்க்காம பஞ்சால அழுத்திப் பிடிச்சுக்கணும். முன்னாடி ஏதாவது ஊசிக்கு முகம் வீங்கி மூச்சுத் திணறி இருந்தா, வாயைத் திறந்து சொல்லு. அங்கே போய் வெட்கப்படாதே.

4. அந்த அரை மணி நேரம் உக்காரு. ஞாயித்துக்கிழமை மெகா முகாம் நடந்தப்போ எத்தனை பேர் பின்வாசல் வழியா நழுவினாங்கன்னு நான் பார்த்தவ. பயத்துல வர்ற மயக்கம், காலை உயர்த்திப் படுத்தா தெளிஞ்சிடும். உதடு வீங்குது, உடம்பெல்லாம் தடிக்குது, மூச்சு வீசுதுன்னா அது வேற. உடனே தொடையில அட்ரினலின் போடணும், மருந்து அங்கேதான் தயாரா இருக்கும். நீ பாதி வழியில ஸ்கூட்டர்ல இருந்தா யார் போடுவாங்க?

5. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஊசிக்கு முன்னாடியே 'எதுக்கும் இருக்கட்டும்'னு விழுங்காதே. காய்ச்சல் வந்தப்புறம் ஒரு 650, அடுத்ததுக்கு 6 மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு 4-க்கு மேல போகாதே. கல்லீரல் கோளாறு இருக்கறவங்க டாக்டரைக் கேட்டுட்டுப் போடணும். கூடவே சளி மாத்திரை போடறியா? அட்டையைத் திருப்பிப் படி. பாதி சளி மாத்திரையில இதே பாராசிட்டமால் ஒளிஞ்சிருக்கும். காய்ச்சல் 3 நாள் தாண்டினா ஊசியைச் சொல்லிக்கிட்டு உக்காராதே. டெங்குவா இருக்கும், டைபாய்டா இருக்கும், டெஸ்ட் எடு.

6. ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அறிகுறிகள். ஊசி போட்ட ஒரு மாசத்துக்குள்ள மாத்திரைக்கு அடங்காத தலைவலி, பார்வை மங்கறது, நெஞ்சு வலி, மூச்சு வாங்கறது, விடாத வயித்து வலி, ஒரு கால் மட்டும் வீங்கறது, ஊசி போட்ட இடத்தை விட்டு வேற இடத்துல குண்டூசி முனை அளவுக்குச் செம்புள்ளிகள். போனதும் டாக்டர்கிட்ட முதல் வாக்கியமா எந்த ஊசி, எந்தத் தேதின்னு சொல்லு. காரணம் இருக்கு. சாதாரண உறைவுக்கு ஹெபாரின்ங்கற மருந்து போடுவாங்க. பிளேட்லெட் குறையற இந்த வகை உறைவுக்கு அதைத் தவிர்ப்பாங்க. தேதி சொன்னா அவங்க பிளேட்லெட்டை முதல்ல பார்ப்பாங்க.

7. வெளிநாட்டுல ஃபைசர், மாடர்னா போட்டுக்கற பசங்களுக்கு வேற கணக்கு. 12 வயசுல இருந்து 30-க்குள்ள இருக்கற ஆம்பளைப் பசங்களுக்கு, முக்கியமா ரெண்டாவது டோஸுக்கு அப்புறம் ஒரு வாரத்துக்குள்ள, அபூர்வமா இதயத் தசை வீங்கலாம். பெரும்பாலும் குணமாயிடும். அந்த வாரம் ஜிம்முக்குப் போய் வீரத்தைக் காட்ட வேண்டாம். நெஞ்சு வலிச்சா அன்னிக்கே ஈ.சி.ஜி.

8. மாதவிலக்கு. கேட்கக் கூச்சப்பட்டு ஆளாளுக்கு என் காதுல கிசுகிசுக்கறீங்க. ஆமா, சிலருக்குத் தேதி லேசாத் தள்ளிப் போச்சு. அமெரிக்காவுல ஆராய்ஞ்சு பார்த்ததுல சராசரியா ஒரு நாளுக்கும் குறைவு. அப்புறம் சரியாயிடுது. கர்ப்பிணிகளுக்கு நம்ம நாட்டுல 2021 ஜூலையிலயே அனுமதி கொடுத்தாச்சு.

9. மாரடைப்பை ஊசி கணக்குல எழுதாதே. இங்கேதான் எனக்குக் கோபமே வருது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்னிக்கு கோவாக்சின் போட்டுக்கிட்டார், 17-ம் தேதி போயிட்டார். ஊரே நடுங்கிச்சு. முகாம்கள்ல கூட்டம் குறைஞ்சது. பக்கவிளைவுகளை ஆராயற தேசியக் குழு, அது மாரடைப்பு, ஊசியால வந்தது இல்லைன்னு முடிவு சொல்லிச்சு. அந்தச் செய்தியை எத்தனை பேர் ஃபார்வர்டு பண்ணீங்க? 18-லிருந்து 45 வயசுக்காரங்களோட திடீர் மரணங்களை ஐ.சி.எம்.ஆர். ஆராய்ஞ்சு 2023-ல வெளியிட்டுச்சு. ஊசியால ஆபத்து கூடலை, ரெண்டு டோஸ் போட்டவங்களுக்குக் குறைஞ்சுதான் இருந்துச்சு. ஆபத்தோட சேர்ந்து தெரிஞ்சது வேற: கொரோனாவால ஆஸ்பத்திரியில படுத்தது, குடும்பத்துல திடீர் மரணம், அளவு மீறின குடி, திடீர்னு கடுமையான உடற்பயிற்சி. உன் வீட்டுக்காரர் பி.பி. மாத்திரையை வாரத்துல ரெண்டு நாள் மறக்கறார் பாரு, முதல்ல அதைக் கவனி.

10. இப்போ செய்யக் கூடாதது. பழைய ஊசிக்காக, ரத்த உறைவு இருக்கான்னு பார்க்கற டி-டைமர் டெஸ்டுக்குப் பணம் கட்டாதே. காய்ச்சல், கர்ப்பம், வயசு எதுக்கு வேணாலும் அது ஏறும். ஏறினதைப் பார்த்துட்டு அடுத்த டெஸ்ட், அடுத்த ஸ்கேன்னு அலைய வேண்டியதுதான். 'ஊசி விஷம் முறிக்கிற' பொடி எவன் வித்தாலும் வாங்காதே. உறைவு வரக் கூடாதுன்னு நீயா ஆஸ்பிரின் ஆரம்பிச்சிருந்தா, இன்னிக்கே உங்க டாக்டர்கிட்ட சொல்லு. தேவையில்லாம சாப்பிட்டா வயித்துல புண்ணாகி ரத்தம் கசியும்.