சுற்றவாளியின் தலைக்கு மேல் ஓர் எழுத்து



பெரிய வெள்ளியன்று அருளப்பர் எழுதிய பாடுகளின் வரலாறு வாசிக்கப்படும்போது ஓரிடத்தை நாம் எளிதிற் கடந்துவிடுகிறோம். இயேசுநாதரிடம் குற்றமொன்றும் காணவில்லையென்று பிலாத்து மூன்று முறை சொல்கிறான். ஆயினும், அவன் எழுதுவித்த பலகை எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் ஆகிய மூன்று மொழிகளிலும் அவருடைய சிலுவையின்மேல் வைக்கப்பட்டது. வாசகத்தை மாற்றும்படி தலைமைக் குருக்கள் கேட்டபோது அவன் மறுத்துவிட்டான். (அவர்கள் கேட்டது வேறு நோக்கத்துடன், அது இங்கு வேண்டாம்.) நீதிபதியின் வாயிலே சுற்றவாளி, பலகையிலே குற்றவாளி!

விடுதலையான ஒருவரைப் பற்றிய பொலிஸ் பதிவு என்ன ஆகவேண்டும் என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது. இங்கிலாந்திலே 2001ஆம் ஆண்டு தை மாதம் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் கொள்ளையிட முயன்றதாகக் கைது செய்யப்பட்டான். அவனது கைவிரல் அடையாளங்களும், மரபணுப் பரிசோதனைக்கான மாதிரியும் எடுக்கப்பட்டன. அதே ஆண்டு ஆனி மாதம் நீதிமன்றம் அவனைச் சுற்றவாளியென விடுவித்தது. அவற்றை அழித்துவிடும்படி அவன் சார்பிற் கேட்டபோது பொலிசார் மறுத்தனர். முன்பெல்லாம் விடுதலையானவரின் அடையாளங்களை அழிக்கவேண்டும் என்பதே அந்நாட்டுச் சட்டம். 2001இல் வந்த திருத்தம், அவற்றைக் காலவரையறையின்றி வைத்திருக்க இடமளித்திருந்தது.

வழக்குப் படிப்படியாக மேலே சென்றது. 2004இல் பிரபுக்கள் சபையும் பொலிசார் பக்கமே தீர்ப்பளித்தது. இறுதியில் ஸ்ராஸ்பூர்க் நகரிலுள்ள மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய நீதிமன்றத்தின் 17 நீதியரசர்கள், 2008 மார்கழி 4ஆந் திகதி, இது தனிவாழ்வுக்குரிய உரிமையை மீறுவதென ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்றை நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டும். குற்றமற்றவராகக் கருதப்படும் உரிமையுள்ள ஒருவரைத் தண்டனை பெற்றவரைப் போலவே நடத்தினால், அவர்மீது ஒரு களங்கம் படிகிறது. சிறுபிள்ளைகளுக்கு அதனால் வரும் தீங்கு இன்னும் பெரிது.

இத்தீர்ப்பின் விளைவாக 2012இல் புதிய சட்டம் நிறைவேறியது. 17 இலட்சத்திற்கும் மேற்பட்ட மரபணுப் பதிவுகள் நீக்கப்பட்டன. பாரதூரமான குற்றம் சாட்டப்பட்டு விடுதலையானவர்களின் அடையாளங்களை மட்டும் மூன்றாண்டுகள் வைத்திருக்கலாம்; நீதிமன்றம் அனுமதித்தால் மேலும் இரண்டாண்டுகள். ஆனால் கைது செய்யப்பட்டார் என்ற குறிப்பு கணினியிலே தானாக அழிவதில்லை. அதனை நீக்குமாறு பொலிஸ் அதிகாரிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் உடனே அழித்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அத்துணை இலேசன்று. அதே நாட்டில் ஆசிரியத் தகுதி பெற்ற ஒருவர், பாலியல் வல்லுறவுக் குற்றச்சாட்டிலிருந்து 2011இல் விடுதலையானார். பின்பு கற்பிக்கும் வேலைக்கு விண்ணப்பித்தபோது அவரைப் பற்றிய சான்றிதழில், பொலிசார் கொடுத்த அவ்வழக்கின் விபரம் எழுதப்பட்டிருந்தது. 2018இல் உயர் நீதிமன்றம் அவரது முறையீட்டைத் தள்ளிவிட்டது. சிறுவரைப் பாதுகாக்கும் கடமையை, அதிலும் திருச்சபைக்குள்ளேயே நடந்தவற்றை அறிந்த பின்பு, நாம் அற்பமாக எண்ணலாகாது. ஆனால் நீதிமன்றத்திலே சோதிக்கப்பட்டு விடுதலையில் முடிந்த குற்றச்சாட்டை வேலை கொடுப்பவரின் கையிற் கொடுப்பதனால் என்ன பயன் என்பது ஆழ்ந்து சிந்திக்க வேண்டியதென அதே தீர்ப்பிற் சொல்லப்பட்டது. அந்தத் தாளைக் காணும் முதலாளி வழக்கை மறுபடி விசாரிக்கப் போவதில்லை. வேறு ஒருவரைத் தெரிந்துகொள்வார், அவ்வளவுதான்.

புனித சின்னப்பர் கொலோசேயருக்கு எழுதிய நிருபத்தில், நமக்கு எதிராயிருந்த கடன் பத்திரத்தைக் கடவுள் அழித்துச் சிலுவையில் அறைந்தார் என்ற கருத்தைக் கூறுகிறார். அந்தப் பத்திரம் பொய்ப் பத்திரமன்று. நாம் உண்மையாகவே பட்ட கடன். குற்றவாளியின் எழுத்தையே இறைவன் அழித்திருக்க, குற்றமற்றவனின் எழுத்தை நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

இது எங்கோ சீமையில் நடந்த கதையென்று எண்ணவேண்டாம். குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவர் சுற்றவாளியாகவே கொள்ளப்படுவார் என்று 1978ஆம் ஆண்டின் நமது அரசியலமைப்பு 13(5)ஆம் உறுப்புரையிற் சொல்கிறது. ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் மறியலில் இருந்து, பின் சுற்றவாளியென வெளிவந்த பிள்ளையை ஊர் எப்படி வரவேற்கிறது? "அவன் உள்ளுக்கை இருந்தவன்" என்ற ஒரு சொல்லோடு கலியாணப் பேச்சு முறிகிறது. ஊர்வாயிலுள்ள இந்தப் பதிவை எந்த நீதிமன்றம் அழிக்கும்? எட்டாம் கற்பனை பொய்ச்சாட்சியை மட்டுமன்று, பிறர் பெயரைக் கெடுத்தவர் அதை ஈடுசெய்யும் கடமையையும் சுட்டுகிறது. பாவசங்கீர்த்தனத்திற் சொல்லிவிட்டால் மட்டும் போதாது; சொல்லிய வீட்டுக்கே போய், "நான் சொன்னது பிழை, அந்தப் பிள்ளை விடுதலையானவன்" என்று சொல்லவேண்டும்.

விடுதலையானவர்கள் உள்ள குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டு விசாப் பத்திரங்கள் சில, எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா என்றே கேட்கின்றன. அமெரிக்கப் பத்திரமும் அவ்விதமே. பயத்தில் "இல்லை" என்று எழுதவேண்டாம். அது பொய்யும் ஆகும், பின்னர் ஆபத்தும் ஆகும். வழக்கு நடந்த நீதிமன்றத்திலே விடுதலைத் தீர்ப்பின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை இப்போதே பெற்று, ஞானஸ்நானப் பத்திரம் இருக்கும் அதே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதப்போகத் தெரியாதவர்கள் உங்கள் பங்குக் குருவைக் கேளுங்கள்.