சொட்டுநீருக்கு மணி பார்க்கும் போர்டு

கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி பக்கம் பல வீடுகளில் சிப்காட் வேலையும் உண்டு, விவசாயமும் உண்டு. ஷிப்டுக்குப் போன நேரத்தில் கத்தரி நாற்றுக்கு யார் தண்ணி திறப்பது? அர்டுயினோ ஊனோ மாதிரி ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு அதைச் செய்யும். ஆனால் ஒன்று புரிந்துகொண்டு மாட்டணும்: நேரத்தை அளப்பது வேறு, மணி தெரிவது வேறு.

எப்படி அளக்கிறது?

ஊனோவில் உள்ள ஏடிமெகா 328பி சிப் நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் முறை துடிக்கும். அதற்குள் தானாகவே எண்ணும் 3 டைமர்கள் இருக்கு. இரண்டு 255 வரைதான் எண்ணும். ஒன்று 65,535 வரை எண்ணும். துடிப்பை 256-ஆல் வகுத்துப் பெரிய டைமருக்குக் கொடுத்தால் நொடிக்கு 62,500 எண்ணிக்கை. அது நிறைந்ததும் டைமர் நம் நிரலைத் தட்டும். இதற்குப் பேர் இன்டரப்ட். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு நொடி கூட்டுகிறோம். 60 நொடிக்கு ஒரு நிமிடம், 60 நிமிடத்துக்கு ஒரு மணி. இதுதான் மென்பொருள் கடிகாரம்.

'டிலே' கட்டளை போட்டு 20 நிமிடம் காத்திருக்க வைத்தால், அதுவரை நிரல் வேறெதையும் கவனிக்காது. டைமரிடம் விட்டால் தொட்டி மிதவையையும் பார்த்துக்கொண்டே இருக்கும்.

எங்கே ஏமாற்றும்?

1. ஊனோவுக்குத் துடிப்பு தருவது செராமிக் ரெசனேட்டர். அது 0.5 சதவீதம் வரை பிசகலாம். 20 நிமிடப் பாய்ச்சலில் அது 6 நொடிதான், பயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நாளுக்கு 7 நிமிடம், மாதத்துக்கு மூன்றரை மணி நேரம் தள்ளிப்போகும்.

2. 'மில்லிஸ்' எண்ணிக்கை 49.7 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பும். இப்போதைய எண்ணிலிருந்து தொடங்கிய எண்ணைக் கழித்துப் பாருங்கள். கூட்டி ஒப்பிட்டால் அன்றைக்கு வால்வு திறந்த வேகத்தில் மூடிவிடலாம்.

3. கரண்ட் போனால் எண்ணிக்கையே போச்சு. மதியம் 2-க்குக் கரண்ட் வந்தால் அதையே பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். காலை 6-க்குப் பாய வேண்டிய தண்ணி ராத்திரி 8-க்குப் பாயும்.

என்ன செய்யணும்?

டி.எஸ். 3231 கடிகார மாட்யூல் ஒன்று சேருங்கள். காசு பேட்டரியில் ஓடுவதால் கரண்ட் போனாலும் நிற்காது. சூட்டுக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். வருடத்துக்குச் சுமார் ஒரு நிமிடம்தான் பிசகும். மணியை அதனிடம் கேளுங்கள், நிமிடத்தை டைமர் அளக்கட்டும். 'இன்றைக்குப் பாய்ச்சியாச்சா' என்பதை ஈப்ரோமில் எழுதி வையுங்கள். 6-க்குக் கரண்ட் இல்லாமல் 8-க்கு வந்தாலும் நாற்றுக்குத் தண்ணி கிடைக்கும்.

போர்டின் கால் 5 வோல்ட்தான். மோட்டாரை நேராக மாட்டாதீர்கள். ரிலே, கான்டாக்டர் வழியாக எலக்ட்ரீஷியனை வைத்து இணையுங்கள். முதல் 2 நாள் மோட்டாருக்குப் பதில் ஒரு பல்பை மாட்டி, வேணும்னே கரண்டை நிறுத்திப் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்ணைக் கையில் பிடித்துப் பார்த்து நிமிடத்தைக் குறையுங்கள். அந்த ஈரம் இந்த போர்டுக்குத் தெரியாது.